ஊத் முதல் கிதார் வரை: ஒரு சிறு துளையின் வரலாறு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு தடங்களைப் பின்பற்றுகின்றனர். ஒன்று, கருவியின் பெயர் மொழிக்கு மொழி எவ்வாறு மாறிச் சென்றது என்பது. மற்றது, அக்கருவியை இசைத்துப் புகழ்பெற்றோர் யாவர் என்பது. கருவியைச் செய்த தச்சர் என்ன இடர்ப்பாட்டைச் சந்தித்தார், அதை எவ்வாறு தீர்த்தார், அத்தீர்வுக்கு என்ன விலை கொடுத்தார் என்னும் மூன்றாவது தடம் ஒன்றும் உண்டு. அதில் நடப்போர் மிகச் சிலரே. இக்கட்டுரையில் நாம் அத்தடத்தில் சற்றுத் தூரம் சென்று பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. எஃகுத் தந்தி பூட்டிய இன்றைய கிதாரின் கழுத்துக்குள், விரல்பலகைக்கு அடியில், ஓர் எஃகுக் கம்பி மறைந்திருக்கிறது. டிரஸ் ராட் என்று கருவி செய்வோர் அதனை வழங்குகின்றனர். அதன் ஒரு முனை மரத்துக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் மரையும் அதன்மேல் ஒரு நட்டும் இருக்கும். நட்டை முடுக்கினால் கழுத்து ஒரு பக்கம் வளையும். தளர்த்தினால் மறுபக்கம் இளகும். அந்த நட்டை ஒரு சாவியோ ஸ்பேனரோ சென்று தொடவேண்டுமானால் மரத்தில் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அவ்வழிக்காகத் துளைக்கப்படும் துளையின் அகலம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. அத்துளை ஏன் தேவைப்பட்டது, அதனை எங்கே துளைப்பது என்ற கேள்விக்கு வெவ்வேறு பட்டறைகள் ஏன் வெவ்வேறு விடை கூறின என்பதே நம் ஆய்வு.

இசையைப் பற்றி ஃபிக்ஹ் அறிஞர்களிடையே நிலவிவரும் கருத்து வேறுபாடுகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நாம் பேசவிருப்பது மரத்தையும் கைவினையையும் பற்றியது.

குறுங்கழுத்தும் நெடுங்கழுத்தும்

ஊத் என்னும் அரபுச் சொல்லுக்கு மரம் என்றே பொருள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ மேதை அல்கிந்தி இசை குறித்து எழுதிய நூல்களில் இக்கருவிக்கு முதன்மையான இடம் கொடுத்தார். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பஸராவை மையமாகக் கொண்டு இயங்கிய இக்வானுஸ் ஸஃபா எனும் அறிஞர் குழுவினர், தம் இசை பற்றிய மடலில் ஊதின் அளவுகளையே வரையறுத்துத் தந்தனர். கருவியின் நீளம் அதன் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஆழம் அகலத்தில் பாதி. கழுத்து நீளத்தில் கால் பங்கு. நான்கு தந்திகளும் பட்டு நூலால் முறுக்கப்பட வேண்டும். தடித்த பம் என்னும் தந்திக்கு 64 இழை, அடுத்த மஸ்லஸுக்கு 48, மஸ்னாவுக்கு 36, மெல்லிய ஸீருக்கு 27. ஒவ்வொரு தந்தியும் அதற்கு முந்தியதில் முக்கால் பங்கு.

இவ்வெண்களை இதுவரை படித்தோர் அவற்றில் பித்தகோரஸின் கணிதத்தையும் பிரபஞ்ச ஒத்திசைவு பற்றிய தத்துவத்தையும் கண்டனர். அது சரியே. எனினும் தச்சரின் கண்கொண்டு நோக்கினால் அங்கே வேறொரு செய்தியும் புலப்படும். கழுத்து கால் பங்கு என்னும் விதி, கழுத்தைக் குட்டையாக வைக்கும் விதியாகும். குட்டையான மரத்துண்டு எளிதில் வளையாது. பட்டுத் தந்தியின் இழுவிசையும் கடுமையானதன்று. ஆகவே ஊதின் கழுத்துக்குள் வலுவூட்டும் உலோகம் எதுவும் தேவைப்படவில்லை. அதன் விரல்பலகையில் மெட்டுகள் அறைந்து பதிக்கப்படாததால் கழுத்து சிறிதளவு அசைந்தாலும் வாசிப்பவரின் விரல் அதனைச் சரிசெய்துகொள்ளும்.

நெடுங்கழுத்துக் கருவிகளும் அக்காலத்தில் இல்லாமலில்லை. 950இல் மறைந்த அல்ஃபாராபி தமது 'கிதாபுல் மூசீக்கா அல்கபீர்' நூலில் பாக்தாத் தன்பூர், குராசான் தன்பூர் என இரண்டைத் தனித்தனியே விவரிக்கிறார். இவை நீண்ட கழுத்துடையவை. இவற்றில் பூட்டப்பட்ட தந்திகளோ பெரும்பாலும் இரண்டுதான். இங்குதான் பழைய கைவினைஞரின் பேரறிவு வெளிப்படுகிறது. கழுத்து நீண்டால் தந்தியைக் குறைத்தனர். தந்தி பெருகினால் கழுத்தைச் சுருக்கினர். மரம் எவ்வளவு சுமக்கும் என்பதற்கு எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதனை மீற வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

822இல் குர்துபா நகருக்கு வந்து உமையா அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அவையில் சிறப்புற்ற ஸிர்யாப், ஊதில் ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார் என்றும், மீட்டுவதற்கு மரத்துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகுத் தண்டைப் பயன்படுத்தினார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ பதிவு செய்துள்ளார். ஐந்தாம் தந்தி சேர்ந்தபோதும் குறுங்கழுத்தும் மெல்லிய தந்தியும் தொடர்ந்தமையால் அந்தப் பழைய ஒப்பந்தம் குலையவில்லை.

பெயரின் பயணமும் கருவியின் பயணமும்

ஊதிலிருந்துதான் கிதார் பிறந்தது என்னும் கூற்று நம்மிடையே அடிக்கடி பெருமையுடன் எடுத்துரைக்கப்படுகிறது. பெருமை கொள்ளத் தக்க செய்திகள் உண்மையிலேயே உள்ளன. ஆயினும் உள்ளதை உள்ளபடி பிரித்தறிந்து கூறுவதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி.

ஐரோப்பியர் லூட் என்றழைக்கும் கருவி ஊதின் நேர் வழித்தோன்றல் என்பதில் ஐயமில்லை. 'அல் ஊத்' என்னும் சொல்லே ஸ்பானிய மொழியில் 'லாவூத்' எனவும், பிரெஞ்சில் 'லூத்' எனவும், ஜெர்மானியத்தில் 'லாவ்ட்டே' எனவும் திரிந்தது. வயிறு பருத்த பேரிக்காய் வடிவமும், பட்டைகளை ஒட்டி அமைத்த உடலும், பின்னோக்கி மடிந்த தலையும் பெயரோடு சேர்ந்தே பயணம் செய்தன. காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அவையில் 13ஆம் நூற்றாண்டில் உருவான 'கான்டிகாஸ்' பாடற்சுவடிகளின் ஓவியங்களில் இத்தகைய கருவிகளை இன்றும் காணலாம்.

கிதாரின் கதை அவ்வளவு நேர்கோடானதன்று. அப்பெயரின் மூலம் 'கிதாரா' என்னும் கிரேக்கச் சொல். அது அரபியில் 'கீத்தாரா' ஆகி, அவ்வழியே ஸ்பானிய 'கித்தார்ரா' ஆயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 14ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ் தம் நூலில் மூர்களின் கிதார், லத்தீன் கிதார் என இரண்டைத் தனித்தனியே பெயர் சுட்டிக் கூறுகிறார். ஆகவே அந்தலூஸியாவின் மண்ணில் இரு மரபுகள் அருகருகே வாழ்ந்தன என்றும், தட்டையான முதுகும் இடுப்பு ஒடுங்கிய உடலும் கொண்ட பிற்காலக் கிதார் அக்கலப்பில் வளர்ந்தது என்றும் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும். முஸ்லிம் உலகம் ஐரோப்பாவுக்கு வழங்கியது முழுமையான ஒரு கிதாரை அன்று. கழுத்தில் விரல் அழுத்திச் சுரம் பிறப்பிக்கும் கருவியின் நுணுக்கமான கைவினையையும், அதைப் பற்றிய கணிதச் சிந்தனையையுமே அது வழங்கியது. இது சிறிய கொடையன்று. மிகைப்படுத்தாமலே பெருமைப்படத் தக்க கொடை.

ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதியில் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) இன்றைய ஸ்பானியக் கிதாரின் உருவை நிலைநிறுத்தினார். அவர் கையாண்ட 65 சென்டிமீட்டர் தந்தி நீளமே இன்றும் பொது அளவாக நிற்கிறது. ஆறு தந்திகளில் மெல்லியவை விலங்கின் குடலால் ஆனவை. தடித்தவை பட்டு இழையின்மேல் உலோக இழை சுற்றியவை. கழுத்தோ ஊதின் கழுத்தினும் நீண்டது. நெடுங்கழுத்தும் பல தந்தியும் ஒரே கருவியில் சேர்ந்துவிட்டன. பழைய ஒப்பந்தம் இங்கு அதன் விளிம்புக்கே வந்துவிட்டது எனலாம். ஆயினும் குடல் தந்தியின் இழுவிசை மிதமானது. அகன்ற கழுத்தும் கருங்காலி விரல்பலகையும் அதனைத் தாங்கிக்கொண்டன. பிற்காலத்தில் குடலுக்குப் பதில் நைலான் வந்தபோதும் நிலைமை மாறவில்லை. ஆகையால் ஸ்பானிய மரபில் வரும் கிதார்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தில் திருகும் கம்பியும் இல்லை, அதற்கான துளையும் இல்லை.

எஃகு கொண்டுவந்த நெருக்கடி

ஒப்பந்தத்தை உடைத்தது எஃகுத் தந்தி. 1833இல் சாக்சனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டினின் குடும்ப நிறுவனம், பென்சில்வேனியாவின் நாசரேத் நகரில் நீண்டகாலம் குடல் தந்திக் கிதார்களையே செய்துவந்தது. மக்கள் பெருந்திரளாகக் கூடும் அரங்குகளில் மேலும் உரத்த ஒலி வேண்டப்பட்டது. எஃகு அவ்வொலியைத் தந்தது. 1920களில் அந்நிறுவனமும் எஃகுத் தந்திக்குரிய கிதார்களை வழக்கமாகச் செய்யத் தொடங்கியது.

ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு நிகர். எஃகுத் தந்திகளில் அது ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு உயர்கிறது. ஒரு மனிதரின் எடையை இரு விரல் தடிமனுள்ள மரத்தண்டு ஆண்டுக்கணக்கில், இரவும் பகலும் தாங்கி நிற்க வேண்டும். இதனோடு மரத்தின் இயல்பும் சேர்கிறது. வெட்டி உலர்த்திய பின்னும் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியும் வெளியிட்டும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். கோடையில் நேராக இருந்த கழுத்து மழைக்காலத்தில் வேறொரு வளைவு கொள்ளும்.

எவ்வளவு வளைவு தகும் என்பது மிக நுட்பமான கணக்கு. அதிரும் தந்திக்கு இடம் விட, கழுத்து மிகச் சிறிதளவு குழிந்திருத்தல் நல்லது. ஏழாவது, எட்டாவது மெட்டுகளின் அருகே 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் குழிவு பலருக்கும் ஏற்புடையது. அதனினும் மிகுந்தால் விரலுக்குத் தந்தியை அழுத்துவது கடினமாகும், சுருதியும் பிசகும். குழிவே இல்லாவிடில் தந்தி மெட்டுகளில் உரசிக் கரகரக்கும். ஒரு தாளின் தடிமன் அளவுக்குள் நல்ல கருவியும் வாசிக்க முடியாத கருவியும் அடங்கிவிடுகின்றன.

இந்நெருக்கடிக்கு இருவகை விடைகள் எழுந்தன. முதலாவது விடை, வளையவே முடியாதபடி கழுத்தை உறுதியாக்குவது. மார்ட்டின் நிறுவனம் இவ்வழியைத் தேர்ந்தது. தொடக்கத்தில் கழுத்துக்குள் கருங்காலிப் பட்டையைப் பதித்தது. 1934 முதல் ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான எஃகுச் சட்டத்தைப் பதித்தது. இதில் திருகுவதற்கு எதுவும் இல்லை. செய்பவர் தம் கையால் நேராக்கி முடித்தார்; அதன்பின் கழுத்து மூடப்பட்டது.

இரண்டாவது விடை, வளைவு வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதைப் பின்னர் திருத்துவதற்கு வழி வைப்பது. மிச்சிகனின் கலாமசூ நகரில் 1902இல் தொடங்கிய கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ இவ்விடையைக் கண்டார். 1921இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1923இல் வழங்கப்பட்டது. இரும்புக் கம்பியை நட்டால் முடுக்கி மரத்துக்கு வலுவூட்டும் எண்ணம் தச்சுத்தொழிலுக்குப் புதியதன்று. வில்லியம் ஹோவ் 1840இல் காப்புரிமை பெற்ற மரப்பாலங்களில் அது இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க இரயில் பெட்டிகளின் மரத்தளத்துக்கு அடியிலும் அது இருந்தது. டிரஸ் என்னும் பெயரே அக்கட்டுமானங்களுக்குரியது. மக்ஹியூவின் சாதனை, ஒரு பாலத்தின் தத்துவத்தைக் கைக்குள் அடங்கும் மரத்தண்டுக்குள் கொண்டுவந்தமை.

அதன் இயக்கம் எளியது. தந்திகள் கழுத்தின் முன்புறத்தை இழுக்கின்றன. ஆகவே கழுத்து முன்னோக்கி வளைகிறது. கம்பி கழுத்தின் பின்புறத்தை ஒட்டிச் செல்கிறது. நட்டை முடுக்கினால் பின்புற மரம் நெருக்கப்பட்டு, கழுத்து பின்னோக்கி வளையும். இரு வளைவுகளும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் முடுக்கலாகாது என்பது பட்டறைகளின் பொது எச்சரிக்கை.

துளைப்பது எங்கே?

இனித்தான் நம் துளை வருகிறது. கம்பியைப் பதித்து விரல்பலகையை ஒட்டிவிட்டால் எல்லாம் மூடிக்கொள்ளும். நட்டுக்கு மட்டும் ஒரு வாசல் வேண்டும்.

கிப்சன் பட்டறை வாசலைத் தலைப்பகுதியில் திறந்தது. தந்திகள் எலும்புப் பட்டையைக் கடந்து முறுக்காணிகளை நோக்கிச் செல்லும் இடத்தில், அப்பட்டைக்கு அடுத்தாற்போல், மரத்தைக் குடைந்து நட்டுக்கும் ஸ்பேனருக்கும் குழி அமைத்தனர். மணி வடிவிலான சிறு தகடு அதனை மூடியது. தகட்டைக் கழற்றினால் தந்திகளை அவிழ்க்காமலே கழுத்தைத் திருத்தலாம். வாசிப்பவருக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் வேறு வழி கண்டார். 1950இல் அவர் வெளியிட்ட முதல் மின்கிதார்களில் கம்பியே இல்லை. கடினமான மேப்பிள் மரத்துக்கு அது தேவையில்லை என்று அவர் கருதினார். விற்பனைப் பொறுப்பிலிருந்த டான் ராண்டல் முதலியோரின் வற்புறுத்தலால் அதே ஆண்டின் இறுதிக்குள் கம்பி சேர்க்கப்பட்டது. கழுத்தும் விரல்பலகையும் ஒரே மரத்துண்டாக இருந்தமையால், கம்பியை முன்புறமாகப் பதிக்க இயலவில்லை. முதுகுப்புறத்தில் நீண்ட வாய்க்கால் வெட்டிக் கம்பியை இட்டு, கருநிற வால்நட் பட்டையால் மூடினர். தலைப்பக்கத்தில் கம்பியைப் பொருத்துவதற்கு இட்ட துளையை வால்நட் முளையால் அடைத்தனர். நட்டு கழுத்தின் அடிமுனையில், உடலோடு சேரும் இடத்தில் அமைந்தது. தலை உறுதியாக இருந்தது. ஆனால் நட்டைத் திருகக் கழுத்தின் திருகாணிகளைத் தளர்த்தி, கழுத்தை உயர்த்தவோ கழற்றவோ வேண்டியிருந்தது. 1971இல் அந்நிறுவனமும் சில கிதார்களில் வாசலைத் தலைப்பக்கத்துக்கு மாற்றியது.

மார்ட்டின் நிறுவனம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு எஃகுச் சட்டங்களையே நம்பியிருந்து, 1985இல் திருகும் கம்பியை ஏற்றது. அதன் வாசல் ஒலித்துளைக்குள் மறைந்தது. நீண்ட ஆலன் சாவியை ஒலித்துளை வழியே நுழைத்து, முகப்புப் பலகையின் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் இட்ட துளையைக் கடந்து நட்டைத் தொட வேண்டும். இங்குத் துளைக்கப்படுவது கழுத்தன்று, உட்சட்டம்.

மூன்று பட்டறைகள், மூன்று வாசல்கள். எங்கே துளைத்தாலும் துளைக்கும் வேலை ஒன்றே. தச்சரின் கை அங்கே எதை எதிர்கொள்கிறது என்பதையும் சற்று விரிவாகக் காண்போம்.

கழுத்து வளைவாகச் செதுக்கப்படும் முன்னரே, மரத்துண்டு நாற்சதுரமாக இருக்கும்போதே துளையிட வேண்டும் என்பது முதல் விதி. உருண்ட பின்னர், கோணத்தை அளக்க ஒரு சமதளம் எஞ்சியிராது. தலைப்பக்கத்திலிருந்து துளைக்கும்போது டிரில் பிட் மரப்பரப்பைச் சாய்வாகச் சந்திக்கிறது. சாய்ந்த பரப்பில் அதன் நுனி பற்றாமல் வழுக்கும். ஆகவே ஆப்பு வடிவக் கட்டை ஒன்றில் முதலில் சரியான கோணத்தில் துளையிட்டு, அக்கட்டையைத் தலைப்பகுதியின்மேல் இறுகப் பிணைத்து, அத்துளையின் வழியே பிட்டைச் செலுத்துகின்றனர். மெல்லிய பிட்டால் முதலில் வழி திறந்து, பின்னர் தேவையான அகலத்துக்கு விரிப்போரும் உண்டு. நீண்ட பிட் மரத்தின் இழைகளைப் பின்தொடர்ந்து விலகும் இயல்புடையது. ஆகவே சற்றுத் துளைத்து, வெளியே இழுத்து, தூளை அகற்றி, மீண்டும் துளைக்க வேண்டும்.

பிழைக்கு எவ்வளவு இடமுண்டு? முதல் மெட்டருகே கழுத்தின் மொத்தத் தடிமன் 21 மில்லிமீட்டர் என்று கொள்வோம். விரல்பலகைக்கு 6, கம்பியின் வாய்க்காலுக்கு 10 போக, பின்புறம் எஞ்சுவது 5 மில்லிமீட்டர் மரமே. பிட் ஒரு டிகிரி சாய்ந்தால், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர் விலகிவிடும். எஞ்சிய மரத்தில் மூன்றிலொரு பங்கு அங்கே போய்விடுகிறது. பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் விறகாகும் இடம் இது. அந்நேரத்தில் தச்சருக்குத் துணை அவரது வழிகாட்டிக் கட்டையும் பொறுமையும் மட்டுமே.

வாசலின் விலை

திருத்துவதற்கென வைத்த வாசல், கருவியின் மிக மெலிந்த இடமும் ஆயிற்று. கிப்சன் மரபில் கழுத்தும் தலையும் பெரும்பாலும் ஒரே மஹோகனித் துண்டில் வெட்டப்படுகின்றன. தலை 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் இழைகள் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே அறுபட்டு நிற்கும். அதே இடத்தில்தான் நட்டுக்கான குழியும் குடையப்படுகிறது. கருவி சாய்ந்து விழுந்தால் தலை அங்கேயே முறிகிறது. பழுது பார்ப்போர் அனைவரும் அறிந்த முறிவு இது. 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தும், அத்தசாப்தத்தின் இறுதியில் கழுத்தின் பின்புறம் மரத்திரட்சி ஒன்றை விட்டும் அந்நிறுவனம் மாற்று வழி தேடியது. பின்னர் இரண்டையும் கைவிட்டுப் பழைய வடிவுக்கே திரும்பியது. ஸ்பானியத் தச்சர்களோ தலையைத் தனித்துண்டாக வெட்டிச் சாய்த்து ஒட்டும் பழக்கத்தால், இழைகள் தலையின் போக்கிலேயே ஓடுமாறு நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டனர்.

இரண்டாம் உலகப்போரின்போது உலோகத் தட்டுப்பாட்டால் கிப்சன் பட்டறை பல கிதார்களைக் கம்பியின்றியே செய்தது; கழுத்துகள் மிகத் தடிமனாயின. கம்பியின் பயன் என்னவென்று அக்கழுத்துகளே சான்று பகர்கின்றன. மெல்லிய கழுத்து வேண்டுமென்றால் கம்பி வேண்டும். கம்பி வேண்டுமென்றால் துளை வேண்டும். துளை வேண்டுமென்றால் அங்கே மெலிவு வரும். ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழக்கும் இக்கணக்கிலிருந்து எப்பட்டறையும் தப்பவில்லை. பெரிய ஸ்பேனருக்குப் பதில் மெல்லிய ஆலன் சாவி நுழையும் நட்டைப் பயன்படுத்தித் துளையைச் சுருக்குவோர் இன்று உளர். கழுத்தின் அடிமுனையில் துளைகள் உள்ள சிறு சக்கரத்தை வெளித்தெரிய வைத்து, ஓர் ஊசியால் அதைச் சுழற்றும் முறையும் வழக்கில் உள்ளது. இவையும் அதே கணக்கின் வேறு விடைகளே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பட்டறையை விட்டு வெளியேறிய பின்னும் மரம் ஓயாது அசைந்துகொண்டிருக்கும் என்பதைத் தச்சர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். தாம் அறியாத ஊரில், தாம் காணாத பருவநிலையில், தமக்குப் பின் வரும் ஒருவரின் கை இக்கருவியைத் திருத்த வேண்டியிருக்கும் என்று எண்ணினார். அக்கைக்கு வழிவிடும் பொருட்டு, தாம் உறுதியாகச் செய்த கழுத்தைத் தாமே துளைத்தார். எஃகுச் சட்டத்தை வைத்து மூடிய தச்சரின் உறுதியும் மதிக்கத் தக்கதே. ஆயினும் அந்த மூடிய கழுத்து வளைந்துவிட்டால் மெட்டுகளைப் பிடுங்கியோ, விரல்பலகையைச் சீவியோ, கழுத்தையே கழற்றியோதான் சரிசெய்ய முடிந்தது. எளிய சாவி ஒன்றால் முடியவேண்டிய வேலை பெரும் அறுவையாயிற்று. அந்நிறுவனமே இறுதியில் வாசலைத் திறந்தது என்பது இவ்விரு விடைகளைப் பற்றிய காலத்தின் தீர்ப்பு.

பாரம்பரியத்தைப் பேணுவோருக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. பாக்தாதிலும் குர்துபாவிலும் வாழ்ந்த முன்னோர், மரம் எதைச் சுமக்கும் என்பதை அறிந்து அந்த எல்லைக்குள் அழகைப் படைத்தனர். பிற்காலத்தார் அவ்வெல்லையைக் கடக்க நேர்ந்தபோது, புதிய சுமைக்குப் புதிய அறிவைத் தேடினர். முன்னோரின் அறிவைப் போற்றும் நாம், அவ்வறிவு தன் காலத்தின் சுமையை அளந்து பார்த்த அறிவு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நாம் எழுப்பும் கல்விக்கூடமாயினும், நூலகமாயினும், அறநிலையமாயினும் நம் காலத்துக்குப் பின்னும் அது அசையும், வளையும். பின்வருவோர் அதைத் திருத்துவதற்கு ஒரு வாசலை நாம் விட்டுச் செல்கிறோமா, அவ்வாசலைச் சுற்றியுள்ள மரம் தாங்குமளவுக்கு அதை அளந்து துளைக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளுதல் நலம்.